ஏரி பச்சை கட்டிய வருடம்

வாத்துக்காரியின் குரல் ஏரியின் இந்தக் கரையில் எழும்பினால் எதிர்க்கரையில் துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். யாரையும் திட்டவில்லை, வாத்துகளைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொள்வார்கள். அவள் சாதாரணமாகப் பேசுவதே பக்கத்து வீட்டுக்குச் சண்டைபோலக் கேட்கும். நிஜமாகவே சண்டை போட்டால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதில்லை.

அப்பா போனபிறகு நிலத்தைப் பிரித்தபோது மேட்டிலிருந்த காய்ந்த நிலம் தம்பிக்கும், ஏரியை ஒட்டிய சேற்றுத்துண்டு அவளுக்கும் வந்தது. வருஷத்தில் பாதி நாள் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அவளுடைய கணவர் பம்பு மோட்டார் மெக்கானிக். வாயைத் திறந்தால் ஏதோ கீழே விழுந்துவிடும் என்பதுபோல வாழ்கிற மனிதர். அவரே அன்றைக்கு மௌனத்தைக் கலைத்து, "உனக்கு நிலம் குடுக்கலை. குளம் குடுத்திருக்காங்க," என்றார்.

"அப்போ நீச்சல் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்," என்றாள். மறுநாள் சந்தைக்குப் போனவள் கூடை நிறைய வாத்துக்குஞ்சுகளோடு திரும்பினாள்.

அந்தக் கூடை பெருகிப் பட்டியானது. காலையில் பட்டியின் தட்டிக்கதவைத் தூக்கினால் போதும், வெள்ளையும் பழுப்புமாக ஒரு பெருங்கூட்டம் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஏரியில் போய் விழும். வைக்கோலில் கிடக்கும் முட்டைகளை அவள் கதகதப்பு ஆறுமுன் பொறுக்கித் துடைத்து அடுக்குவாள். டவுனில் இருந்த பேக்கரிகள் எல்லாம் அவளிடம்தான் வாங்கின. வாத்துமுட்டை போட்டால் கேக் நன்றாக எழும்பும் என்று ஒரு பேக்கரிக்காரர் சொன்னதை அவள் ஏதோ பட்டம் வாங்கியதுபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பியை வளர்த்தவளும் அவள்தான். அவன் நடக்கப் பழகுமுன்னே அம்மா போய்விட்டாள். அவனுக்குச் சோறூட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, அவன் அடித்த பிள்ளைகளின் அம்மாக்களோடு மல்லுக்கு நின்றது எல்லாம் அவளே. வளர்ந்து ஆளானபிறகும் அவன் அவளிடம் மட்டும் குரலை உயர்த்தமாட்டான். உயர்த்தினாலும் பிரயோசனம் இல்லை என்று தெரியும்.

மேட்டு நிலம் லேசுப்பட்டதல்ல. செம்மண், எதைப் போட்டாலும் விழுங்கிக்கொண்டு பதில் சொல்லாத மண். அங்கே மக்காச்சோளம் முளைக்கும், முழங்கால் உயரம் வரும், பிறகு அப்படியே நின்றுவிடும். இலைகள் ஓரத்தில் ஊதா நிறமாக, அடிபட்ட தோல்போல மாறும். கதிர் பிடித்தாலும் பாதிப் பல் கொட்டிய வாய்மாதிரி இருக்கும். சாம்பல் நிறத்தில் குருணை குருணையாக பாஸ்பேட் உரம் ஊருக்கு வந்தபோது முதலில் வாங்கிப் போட்டவன் தம்பிதான். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த வருஷம் அவன் சோளம் ஆள் உயரம் தாண்டியது. ஊதா நிறம் போன இடம் தெரியவில்லை. கதிர்கள் நுனிவரை மணி பிடித்து நின்றன. வேடிக்கை பார்த்தவர்கள் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு உரக்கடைக்கு ஓடினார்கள்.

அதை யாரும் மறக்கக்கூடாது. அந்த உரம் வந்தபிறகுதான் மேட்டில் ஓட்டைக் கூரைகள் மாறின. பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். தம்பி தன் டிராக்டருக்குப் பின்னால் உரம் தூவுகிற மெஷினை மாட்டினான். கூம்பு வடிவத் தொட்டியில் உரத்தைக் கொட்டினால், அடியில் தட்டு சுழன்று இருபக்கமும் விசிறியடிக்கும். மேடு முழுக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் கை பட்டால் விளையும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கைராசிக்காரன் என்றார்கள். அவனும் அந்தப் பெயரைச் சட்டையில் குத்திய பூப்போலச் சுமந்து திரிந்தான்.

போட்டால் விளைகிறது, கூடப் போட்டால் கூட விளையும். மேட்டில் எல்லோருடைய கணக்கும் அதுதான். பக்கத்து வயல்காரன் ஒரு மூட்டை போட்டால் நாம் ஒன்றரை. மழைக்கு முன்னால் தூவிவிட்டால் மழையே அதை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், கலப்பையை இறக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தார்கள். மழை வந்தது. ஆனால் அது மண்ணுக்குள் மட்டும் போகவில்லை. செம்மண் கரைந்து, சரிவில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, வாத்துக்காரியின் பட்டிக்கு இருநூறு அடி தள்ளி ஏரியில் கலந்தது. ஒவ்வொரு வருஷமும் ஏரி அதை வாங்கி வைத்துக்கொண்டது.

முதலில் ஏரி நல்லதுதான் செய்தது. கரையோரம் நீர்ச்செடிகள் கொழுத்தன. நத்தையும் புழுவும் பெருகின. வாத்துகள் தின்று தின்று நடக்க முடியாமல் அசைந்து வந்தன, முட்டைகள் பெருத்தன. "ஏரியே எனக்குத் தீனி போடுது," என்று வாத்துக்காரி பேக்கரியில் சொல்லிச் சிரித்தாள்.

மெக்கானிக் மட்டும் ஒருநாள் மதியம் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏரியில கெடக்கற மோட்டார் எல்லாம் அடைச்சுக்குது. சல்லடை பூரா வழவழன்னு பாசி. முன்னெல்லாம் இப்படி இல்லை," என்றார்.

"பாசி இருந்தா என்ன, என் பிள்ளைங்க தின்னுட்டுப் போகுது," என்றாள் அவள்.

அவர் தன் பங்கு வார்த்தைகள் அன்றைக்குத் தீர்ந்துவிட்டன என்பதுபோலக் கையைக் கழுவப் போனார். கழுவிய கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சோப்பு போட்டு மறுபடி கழுவினார்.

அந்த வருஷத்துக் கோடை ஒரு விதமாக இருந்தது. காற்றே இல்லை. ஏரி கண்ணாடித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. ஒருநாள் காலை வாத்துக்காரி தட்டியைத் தூக்கியபோது ஓடையின் வாய்ப்பக்கம் தண்ணீர்மேல் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. யாரோ பெயிண்ட் டப்பாவைக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். சில நாளில் அந்தக் கோடு படலமானது. படலம் தடித்துக் கூழானது. கரையில் ஒதுங்கிய இடத்தில் வெயிலில் காய்ந்து நீலமும் வெள்ளையுமாகத் தோல் உரிந்தது. அழுகிய கோரைப்புல்லும் சாக்கடையும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை வீட்டுக்குள் வந்து, உலர்த்திய துணியில், தலையணையில், சாப்பிடும் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பொழுது விடியும் நேரங்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டுகிறவர்கள்போல இருந்தன. வாத்துகள் அவற்றைத் துரத்தவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. வாய்க்கு எதிரில் மீன் துள்ளும்போது கழுத்தைத் திருப்பாத வாத்தை அவள் பார்த்ததே இல்லை.

நாய்தான் முதலில் போனது. பட்டிக்குக் காவலாக இருந்த கரியன் ஏரியில் இறங்கி ஒரு முக்குப் போட்டுவிட்டு வந்து, வாசலில் படுத்து ரோமத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய்த் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் கால்கள் விறைத்து இழுத்துக்கொண்டன. வாயில் நுரை. "ஏங்க, இங்க வாங்களேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மெக்கானிக் ஸ்பேனரோடு ஓடி வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் பட்டியில் சில வாத்துகள் எழுந்திருக்கவில்லை. கழுத்து துவண்டு, ஈரத்துணி மாதிரி தரையில் கிடந்தது. கண்கள் மட்டும் விழித்திருந்தன. அவள் ஒன்றின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். கையை எடுத்ததும் தொப்பென்று விழுந்தது. அதற்கு மறுநாள் இன்னும் பல.

அவளுக்குச் சந்தேகம் யார்மேல் என்று கேட்கவே வேண்டாம். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை எடுத்திருந்த மீன்காரருக்கும் அவளுக்கும் நெடுநாளாக ஆகாது. அவர் விடுகிற மீன்குஞ்சுகளை வாத்துகள் தின்கின்றன என்று அவர் புலம்பாத நாளில்லை. செத்த வாத்து ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவள் அவருடைய படகுத்துறைக்குப் போனாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனதால், போய்ச் சேர்வதற்குமுன்பே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"விஷம் வைக்கறதுக்கு உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு? வாயில்லாத ஜீவனுங்க! சண்டைன்னா என்கிட்ட வா!"

மீன்காரர் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்தபடி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. படகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். "அங்க போய்ப் பாரும்மா. அப்புறம் வந்து திட்டு."

துறைக்குப் பின்னால் கரை வெள்ளையாக இருந்தது. மீன்கள். விரல் நீளத்திலிருந்து கை நீளம்வரை, வயிறு மேலாக, நாணலுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒதுங்கிக் கிடந்தன. ஈக்களின் இரைச்சல் தூரத்து மோட்டார்போலக் கேட்டது. ஒரு காகம்கூட அங்கே இறங்கவில்லை.

"நான் யாருக்கு விஷம் வைப்பேன்? என் சோத்துலயா வச்சுக்குவேன்?" என்றார் மீன்காரர்.

வாத்துக்காரி கையில் தொங்கிய வாத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே திரும்பி நடந்தாள். அவள் குரல் கேட்காமல் ஏரிக்கரை அன்றைக்கு என்னவோபோல இருந்தது என்று துணி துவைப்பவர்கள் பிறகு சொன்னார்கள்.

மேட்டிலும் அந்த வருஷம் ஏதோ சரியில்லை. இளம் சோளப்பயிர் வெளிறியது. பழைய ஊதா நிறம் இல்லை, இது வேறு. புது இலைகளில் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளை வெள்ளையாகப் பட்டை விழுந்து, பயிர் குட்டையாக, இரத்தம் இல்லாத முகம்போல நின்றது. உரக்கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சத்துப் பத்தலை. இன்னொரு தடவை போட்டுடுங்க," என்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தம்பி மறுபடி மெஷினை மாட்டினான்.

மெக்கானிக் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். டவுனில் மண் பரிசோதனை ஆபீசின் பம்பை அவர்தான் பார்த்துக்கொள்வார். அங்கே இருந்த அதிகாரியம்மாவிடம் போய், தன் ஒரு மாதத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசியிருக்க வேண்டும். அந்த மேடம் மேட்டு வயல்களில் மண்ணும், ஏரியில் தண்ணீரும் எடுத்துப்போனார். நடுத்தர வயது, வெயிலில் கறுத்த முகம், சேற்றுக்கென்றே ரப்பர் பூட்ஸ் வைத்திருந்தார். மண் சோதனை முடிந்ததும் திரும்பி வந்து, ஏரிக்கரையிலேயே எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். மேட்டுக்காரர்கள் வந்தார்கள், மீன்காரர் வந்தார். தம்பி டிராக்டரிலிருந்து இறங்கி, சட்டையெல்லாம் சாம்பல் தூசியோடு வந்து முன்னால் நின்றான்.

"உங்க மண்ணுல மணிச்சத்து, அதான் இந்தப் பாஸ்பேட், பத்தாம இல்லை. தேவைக்கு மேல பல வருஷத்துக்குச் சேர்ந்து கெடக்கு," என்றார் மேடம். "இனிமே போடறது பயிருக்குப் போகலை. இந்த ஏரிக்குத்தான் போகுது. பயிருக்கு உரம்னா பாசிக்கும் உரம்தானே? அது கொழுத்து, தண்ணில இருக்கற காத்தையெல்லாம் தின்னுடுது. இந்தப் பாசியில ஒரு ஜாதி விஷம் கக்கும். தண்ணிச் சோதனை முடிவு இன்னும் வரலை. வர்ற வரைக்கும் யாரும் இதைத் தொடாதீங்க."

"அப்போ பயிர் ஏன் மேடம் வெளிறுது?" என்று தம்பி கேட்டான். குரலில் மரியாதை இருந்தது. மரியாதைக்கு அடியில் கேலி இருந்தது. "சத்து அதிகமாச்சுன்னா பயிர் இளைக்குமா? சோறு அதிகமா போட்டா ஆளு மெலிவானா?"

கூட்டம் சிரித்தது.

"மணிச்சத்து மிஞ்சிப்போச்சுன்னா துத்தநாகத்தைப் பயிருக்குள்ள விடாது. அதான் இலையில வெள்ளைப் பட்டை. நீங்க அதுக்கு மருந்துன்னு மறுபடி அதையே போடறீங்க," என்றார் மேடம். அவர் கோபப்படவில்லை, களைத்துப்போனவர்போல இருந்தார். "இந்த உரம் மலையை வெட்டி எடுக்கற கல்லு. எங்கேயோ வெட்டி, அமிலத்துல கரைச்சு, கப்பல்ல ஏத்திக் கொண்டுவர்றாங்க. உலகத்துல எல்லா இடத்துலயும் இது கிடையாது. வெட்ட வெட்ட ஊறவும் ஊறாது. ஒரு கைப்பிடி கிடைக்காம எத்தனையோ ஊர்ல பயிர் ஊதாநிறமா நிக்குது, உங்களுது முன்னாடி நின்ன மாதிரி. நீங்க அதை மூட்டை மூட்டையா ஏரியில கரைக்கறீங்க. இந்தப் போகம் நிறுத்துங்க. அப்புறம் தேவைப்பட்டா கொஞ்சமா, விதைக்கு அடியில, மண்ணுக்குள்ள வைங்க. சரிவோட அடியில புல்லு வளரவிட்டு ஒரு வேலி மாதிரி விடுங்க."

மேட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உரம் இல்லாத காலத்தில் பட்ட பாடு அவர்களில் பாதிப்பேருக்கு இன்னும் வயிற்றில் இருந்தது. நிறுத்து என்ற சொல் அவர்களுக்குப் பட்டினி என்றுதான் கேட்டது.

வாத்துக்காரி தம்பியைப் பார்த்தாள். "கேட்டுக்கோடா. அவங்க ஒண்ணும் விளையாட்டுக்குச் சொல்லலை. என் பட்டியப் பாரு."

அவன் முகம் சிவந்தது. ஊரே கைராசி என்று கொண்டாடிய கையை, வளர்த்த அக்காவே எல்லோர் முன்னாலும் விஷக்கை என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு அப்படித்தான் பட்டது.

"நான் தூவுனது விஷமாக்கா? இத்தனை வருஷம் எல்லாரும் தின்ன சோறு விஷமா?" என்றான். "இந்தத் தண்ணியிலதான் பிறந்ததிலேருந்து குளிக்கறோம், குடிக்கறோம். இப்போ புதுசா விஷம்! பாரு."

யாரும் தடுப்பதற்குள் அவன் கரையில் இறங்கினான். பச்சைப் படலத்தைக் கையால் விலக்கி, இரண்டு கையும் சேர்த்து அள்ளிக் குடித்தான். ஒரு வாய் அல்ல. மறுபடி அள்ளினான், மறுபடி. மேடம், "துப்புங்க! துப்பிடுங்க!" என்று ஓடி வந்தார். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, மீசையில் பச்சை ஒட்டியிருக்க, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "என்ன ஆச்சு? நிக்கறேன்ல?"

சிலர் கை தட்டினார்கள். வாத்துக்காரி கை தட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. கரியன் ரோமத்தை நக்கியது கண்முன் வந்து நின்றது.

மாலைவரை அவன் நன்றாகத்தான் இருந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் கதை சொல்லிவிட்டுத்தான் வீடு போனான். மறுநாள் காலை வாத்துக்காரி பட்டியில் செத்த வாத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தம்பியின் மனைவி செருப்புகூட இல்லாமல் சரிவில் ஓடி வந்தாள்.

"அண்ணி, அவர் விடாம வாந்தி எடுக்கறார். கூப்பிட்டா கண்ணைத் திறக்க மாட்டேங்கறார்."

மெக்கானிக் யாரிடமோ வண்டி வாங்கிக்கொண்டு வந்தார். பின் இருக்கையில் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாத்துக்காரி டவுன்வரை போனாள். அவன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது அவன் கழுத்து அவள் முழங்கைமேல் துவண்டு விழுந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று பட்டியில் பார்த்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாளே கண் மஞ்சளித்தது. பிறகு உள்ளங்கை, நகக்கண். ஈரல் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாது. உடம்பு தாங்கணும். தாங்குமான்னு பார்ப்போம்." அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லோடு வாத்துக்காரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் மனைவி அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னோமே, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானோ என்பதையே மனம் கடித்துக்கொண்டிருந்தது.

அவன் அங்கே கிடந்தபோதுதான் தண்ணீர்ச் சோதனையின் முடிவு வந்தது. டவுனுக்குக் குழாய்த் தண்ணீர் போவதும் அதே ஏரியிலிருந்துதான். குழாய்களை மூடினார்கள். கொதிக்க வைத்தாலும் இந்த விஷம் போகாது என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. பேக்கரிகள் ஷட்டரை இறக்கின. குடங்களோடு லாரிக்காக நின்ற வரிசையில் ஆட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் என்ற சொல்லையே மெதுவாகச் சொன்னார்கள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் போனவன் அல்ல. தோள் எலும்பு சட்டைக்குள் துருத்தியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. அவனை மேட்டுக்கு அனுப்பாமல் வாத்துக்காரி தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டாள். யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும், "எங்கே புடிச்ச தண்ணிக்கா?" என்று கேட்பான். ஆழ்துளைக் கிணறு என்று சொன்னபிறகும் டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பான்.

அதற்குள் வானம் கறுக்க ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் தூவிவிட வேண்டும் என்று மேட்டில் பரபரத்தார்கள். ஒரு மதியம் நாலைந்து பேர் வந்து வாசலில் நின்றார்கள். பழத்தைக் கட்டிலருகே வைத்தார்கள், உடம்பை விசாரித்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"நீ ஓட்ட வேண்டாம்ப்பா. டிராக்டர் சாவியைக் குடு. நாங்களே பார்த்துக்கறோம்."

வாத்துக்காரி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். வாழ்நாளில் முதல்தடவையாக, சொல்ல வந்ததை விழுங்கினாள். தம்பி சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தான். தொலைவில் இடி உருண்டது.

"சாவி எதுக்குண்ணே," என்றான். "மெஷினைப் பிரிச்சாச்சு."

"யாரு பிரிச்சது?"

மூலையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் எழுந்தார். "நான்தான்," என்றார். "அவன்தான் பிரிக்கச் சொன்னான். தட்டு, சங்கிலி, பல்சக்கரம் எல்லாம் தனித்தனியா கெடக்கு. மறுபடி மாட்ட எனக்கு மறந்துபோச்சு."

மூத்தவரின் முகம் கடுகடுத்தது. "நீ பிழைச்சுட்டே, அதனால பேசறே. எங்க பிள்ளைங்க எதைத் தின்னும்? உனக்கு ஏரி பயம். எங்களுக்கு அடுப்பு பயம்." அவர்கள் போனபிறகு தம்பி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். வாத்துக்காரி அவன் காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியூரிலிருந்து வேறொரு டிராக்டர் வந்தது. மழை அடித்து இறங்குமுன் பாதி மேட்டுக்குத் தூவிவிட்டது. மீதிப் பாதி பேர் தூவவில்லை. சிலருக்கு மேடம் சொன்னது மனதில் தைத்திருந்தது, சிலருக்குத் தம்பியின் மஞ்சள் கண்கள். தம்பி தன் நிலத்தில் ஒரு குருணைகூடப் போடவில்லை. மேடம் கொடுத்த துத்தநாகத்தை மட்டும் போட்டான். சரிவின் அடியில் ஓடைக்குப் பக்கத்திலிருந்த நீளத்துண்டை உழாமல் விட்டான். அங்கே புல் இடுப்பளவு வளர்ந்தது. அந்தப் போகத்தில் அவன் சோளம் பச்சையாகத்தான் நின்றது. யாரும் அதைப் பாராட்டவில்லை. ஆனால் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாத்துக்காரி மிஞ்சிய வாத்துகளை ஏரியில் இறங்கவிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி, மெக்கானிக் போட்ட குழாயில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினாள். வாத்துகளுக்கு அது பிடிக்கவில்லை. வேலிக்கம்பியோரம் வரிசையாக நின்று ஏரியைப் பார்த்துக் கத்தின. அவளும் சில நேரம் அவற்றோடு நிற்பாள்.

மழைக்காலம் முடிந்தபோது ஏரி தெளிந்துவிட்டது. டவுனில் குழாய்களைத் திறந்தார்கள். மீன்காரர் மறுபடி குஞ்சு விட்டார். மேடம் தண்ணீர் எடுக்க வந்த அன்று வாத்துக்காரி அவரிடம் கேட்டாள்.

"போயிடுச்சுல்ல மேடம்?"

மேடம் நீண்ட குழாயை ஏரிக்குள் இறக்கி அடிச்சேற்றை இழுத்து எடுத்தார். கறுப்பாக, வெண்ணெய்போல வழுவழுவென்று இருந்தது. "தண்ணியிலேருந்து போயிருக்கு," என்றார். "போன இடம் இதுதான். இத்தனை வருஷத்து உரமும் இங்க படிஞ்சு கெடக்கு. மேட்டுல எல்லாரும் இன்னைக்கே நிறுத்தினாலும், காத்து நின்னு வெயில் ஏறினா இது மேல கிளம்பும். உங்க காலம் வரைக்கும்கூடக் கிளம்பலாம்."

"எல்லாரும் நிறுத்தலையே."

"ஆமா," என்றார் மேடம்.

வெயில் காலம் வந்தது. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வாத்துக்காரி பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தபோது, காயப்போட்ட துணிகள் கொடியில் அசையாமல் தொங்குவதைக் கவனித்தாள். மரத்தில் ஒரு இலை ஆடவில்லை. தம்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரிவில் யாரோ ஓட்டும் டிராக்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஈரக்கையை உதறிக்கொண்டு கரைக்கு நடந்தாள். ஓடையின் வாயில், கல்லிடுக்கில், நூல் அளவுக்கு ஒரு பச்சை.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, படகுத்துறைப் பக்கம் திரும்பி, எதிர்க்கரைவரை கேட்கும்படி கத்தினாள்.

"யாரும் தண்ணியில இறங்காதீங்க!"

துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இந்தத் தடவை யாரும் திரும்பக் குனியவில்லை. ஈரத்துணிகளை வாரி எடுத்துக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராகக் கரையேறினார்கள்.